கடைசிச் சம்பளம் ஊர் வந்து சேரும் வழி

(வெளிநாட்டில் வேலை முடித்துத் திரும்புவோருக்கும் அவர்களின் குடும்பத்தினருக்கும் நடத்தப்பட்ட விழிப்புணர்வுக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘அந்நியச் செலாவணி விதிகள்’. விதிகளை வரிசையாகப் படித்தால் பத்து நிமிஷத்தில் பாதிப் பேர் டீ குடிக்கப் போயிடுவீங்க. அதனால் ஒரே ஒரு மாதத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன். ஒருத்தர் துபாயிலோ சவுதியிலோ பத்து வருஷம் வேலை பார்த்துவிட்டு, ‘போதும், இனி ஊர்தான்’ என்று முடிவு செய்து கேன்சலில் வருகிறார். அந்தக் கடைசி ஒரு மாதம். அங்கே சம்பாதித்தது இங்கே ரூபாயாக மாறும் மாதம் அது.

வங்கியில் வெளிநாடு வாழ் இந்தியர் கணக்குகளைப் பார்க்கும் மேஜையில் பல வருஷம் உட்கார்ந்தவன் நான். அங்கே வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “சார், இன்னிக்கு ரேட் என்ன?” என்பதுதான். ரேட் கேட்பது தப்பில்லை. ஆனால் அதைவிடப் பெரிய கேள்விகள் இரண்டு இருக்கின்றன. பணம் நோட்டாக வருகிறதா, கணக்கு வழியாக வருகிறதா? விசா ரத்தாவதற்கு முன்பா, பின்பா? ரேட்டில் தவறவிடுவது ஆயிரக்கணக்கில் இருக்கும். இந்த இரண்டில் தவறவிட்டால் லட்சக்கணக்கில் போகும்.

முதலில் ரேட்டை முடித்துவிடுவோம். திர்ஹம் விலை ஏறுது, இறங்குதுன்னு சொல்றோம். உண்மையில் திர்ஹம் அசைவதே இல்லை. 1997-இலிருந்து ஒரு அமெரிக்க டாலருக்கு 3.6725 திர்ஹம் என்று கட்டி வைத்திருக்கிறார்கள். சவுதி ரியால் 1986-இலிருந்து டாலருக்கு 3.75. கத்தார் ரியால் 3.64. குவைத் தினார் மட்டும் 2007-க்குப் பிறகு பல நாட்டு நாணயங்களைச் சேர்த்த ஒரு கலவையோடு கட்டப்பட்டிருக்கிறது. ஆகவே துபாயில் இருந்தாலும் ரியாத்தில் இருந்தாலும் நீங்கள் பார்க்க வேண்டியது டாலருக்கும் ரூபாய்க்கும் இடையிலான கணக்கைத்தான். தொலைக்காட்சிச் செய்தியில் டாலர் விலை சொல்லும்போதே உங்கள் திர்ஹம் விலையும் தெரிந்துவிடும். (நம்ம ரூபாயே அங்கே ஓடிய காலமும் உண்டு. 1959-இல் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே தனி ரூபாய் நோட்டு அச்சிட்டது. 1966-இல் நாம் ரூபாயின் மதிப்பைக் குறைத்ததும், அதுவரை அதை வைத்திருந்த பல நாடுகள் கைவிட்டுவிட்டன.)

இப்போது ஒரு கணக்கு. கையில் 20,000 திர்ஹம் இருக்கிறது என்று வையுங்கள். நாளைக்கு ரேட் பத்துக் காசு ஏறும் என்று காத்திருந்து, அதுபடியே ஏறினால், கூடுதலாகக் கிடைப்பது 2,000 ரூபாய். சும்மா வருவதில்லை, நல்ல தொகைதான். அதே 20,000 திர்ஹத்தை நோட்டாகக் கொண்டுவந்து, விமான நிலையக் கவுன்டரில் ஒரு ரூபாய் குறைச்ச விலைக்கு மாற்றினால் போவது 20,000 ரூபாய். ரெண்டு வாரம் ரேட் பார்த்துச் சேர்த்ததை ரெண்டு நிமிஷத்தில் கொடுத்துவிட்டு வெளியே வருகிறவர்கள் உண்டு.

நோட்டுக்கு ஏன் விலை குறைவு என்று கேட்கலாம். நோட்டு என்பது சரக்கு மாதிரி. வாங்குகிறவர் அதை எண்ண வேண்டும், கள்ள நோட்டா என்று பார்க்க வேண்டும், பெட்டகத்தில் வைக்க வேண்டும், காப்பீடு எடுக்க வேண்டும், கடைசியில் அது செல்லுபடியாகும் நாட்டுக்கே விமானத்தில் திருப்பி அனுப்ப வேண்டும். அந்தச் செலவெல்லாம் உங்களுக்குத் தரும் விலையில்தான் கழியும். கணக்கிலிருந்து கணக்குக்குப் போகும் பணத்துக்கு இந்தச் செலவு கிடையாது. விமான நிலையக் கடைக்கு வாடகையும் அதிகம். இங்கே மாற்றும்போது ஜி.எஸ்.டி.யும் உண்டு, ஒரு லட்ச ரூபாய்க்கு 180 ரூபாய். சில்லறைக் காசை யாரும் வாங்க மாட்டார்கள். அதை அங்கேயே ஒரு டீக்கும் சாண்ட்விச்சுக்கும் கொடுத்துவிட்டு வாங்க.

நோட்டாக வைத்திருப்பதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. 1990 ஆகஸ்ட் 2-ஆம் தேதி ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஜோர்டான் போய், அம்மானிலிருந்து ஏர் இந்தியா விமானத்தில் வந்தார்கள். குவைத் தினார் உலகத்திலேயே விலை கூடிய நாணயங்களில் ஒன்று. ஆனால் அந்த நாட்டையே பிடித்துக்கொண்ட பிறகு அதற்கு என்ன விலை? ஈராக் அந்த நோட்டைச் செல்லாததாக்கி, தன் நோட்டைப் புழக்கத்தில் விட்டது. 1991-இல் விடுதலையான பிறகு குவைத் அரசு புது வரிசை நோட்டு அடித்தது. இடைப்பட்ட காலத்தில் இடுப்பில் கட்டிக்கொண்டு வந்த தினாரை வைத்து இங்கே ஒரு மூட்டை அரிசி வாங்க முடியவில்லை. போர் தினமும் வராதுதான். ஆனால், ‘ரேட் ஏறட்டும்’ என்று பீரோவில் நோட்டை வைத்திருப்பவர்களிடம் நான் இதைச் சொல்லாமல் இருந்ததில்லை.

இனி தேதிக்கு வருகிறேன். இதில்தான் நம்மவர்கள் அதிகம் இழக்கிறார்கள்.

ஐக்கிய அமீரகச் சட்டப்படி வேலை முடிந்த நாளிலிருந்து 14 நாளுக்குள் கம்பெனி மொத்தக் கணக்கையும் தீர்க்க வேண்டும். முதல் ஐந்து வருஷத்துக்கு, வருஷத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். அதற்கு மேல் ஒவ்வொரு வருஷத்துக்கும் 30 நாள். அடிப்படைச் சம்பளம் 1,200 திர்ஹம் என்றால் ஒரு நாளைக்கு 40. எட்டு வருஷம் வேலை பார்த்தவருக்கு முதல் ஐந்து வருஷத்துக்கு 4,200, மீதி மூன்று வருஷத்துக்கு 3,600, ஆக 7,800 திர்ஹம். இதோடு எடுக்காத லீவுக்கான சம்பளமும் சேரும். அலவன்ஸ் சேர்த்து 2,000 வாங்குகிறவர், 2,000-க்குக் கணக்குப் போட்டு ஏமாறுகிறார். ஒப்பந்தத்தில் ‘அடிப்படை’ என்று எவ்வளவு எழுதியிருக்கிறது என்று இன்றைக்கே பாருங்க.

சவுதியில் கணக்கு வேறு. முதல் ஐந்து வருஷத்துக்கு, வருஷத்துக்கு அரை மாதச் சம்பளம், பிறகு வருஷத்துக்கு ஒரு மாதம். கம்பெனி நிறுத்தினால் ஒரு வாரத்துக்குள்ளும், நாமாக நின்றால் இரண்டு வாரத்துக்குள்ளும் கொடுக்க வேண்டும். ஆனால் நாமாக ராஜினாமா செய்தால் முழுசாகக் கிடைக்க பத்து வருஷம் முடிந்திருக்க வேண்டும். ஐந்திலிருந்து பத்துக்குள் என்றால் மூன்றில் இரண்டு பங்கு. இரண்டிலிருந்து ஐந்துக்குள் என்றால் மூன்றில் ஒரு பங்கு. ஒன்பதரை வருஷத்தில் கோபித்துக்கொண்டு எக்ஸிட் கேட்கிற தம்பிகளுக்கு, இன்னும் ஆறு மாசம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்கன்னு நான் சொல்லுவேன். வீட்டு வேலை, வீட்டு டிரைவர் வேலை பார்ப்பவர்களுக்கு இரண்டு நாட்டிலும் சட்டம் தனி. அவர்கள் இந்தக் கணக்கைத் தங்களுக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

இந்தப் பணம் வந்தபின், அல்லது வருவதற்கு முன்பே, கம்பெனி விசாவை ரத்து செய்கிறது. அந்தப் பக்கத்து அடையாள அட்டை, இகாமா எதுவானாலும், அது செல்லாமல் போனதும் எக்ஸ்சேஞ்ச் கடையில் பணம் அனுப்புவது சிக்கலாகும். வங்கிக் கணக்கும் முடங்கக்கூடும். லோன் அல்லது கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால், கடைசிச் சம்பளம் வந்த உடனேயே வங்கி அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ‘நான் அந்தக் கார்டைத் தேய்க்கவே இல்லையே’ என்றால் போதாது. கார்டைத் திருப்பிக் கொடுத்து, பாக்கி இல்லை என்ற கடிதத்தைக் கையில் வாங்க வேண்டும். இதற்கு நாளாகும் என்பதால், கேன்சலுக்கு எழுதிக் கொடுப்பதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். சேமிப்பாகக் கிடக்கும் பணத்தை அப்போதே ஊருக்கு அனுப்பிவிடுங்கள். கடைசி நாளுக்கென்று செட்டில்மென்ட் தொகை மட்டும் மிச்சம் இருக்கட்டும்.

கம்பெனிக்காரர், “நீ கிளம்பு, பணத்தை அப்புறம் அனுப்புறோம்” என்பார். இல்லையென்றால் ஒரு செக் கொடுப்பார். திர்ஹம் செக்கைக் கொண்டுவந்து நம்மூர் வங்கியில் போட்டால், அது வசூலுக்கு அங்கேயே திரும்பிப் போக வேண்டும். வாரக்கணக்கில் ஆகும், கட்டணமும் உண்டு, திரும்பி வந்துவிட்டால் அதற்கும் செலவு நம்முடையது. ஆகவே செக் வேண்டாம், கணக்கில் போடச் சொல்லுங்கள். பணம் கைக்கு வராமல், ‘எல்லாம் பெற்றுக்கொண்டேன்’ என்ற தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். அது அரபியில் இருந்தால், படிக்கத் தெரிந்தவரை வைத்துக் கேளுங்கள். வேறு வழியே இல்லாமல் கிளம்ப வேண்டியிருந்தால், நம்பிக்கையான ஒருவருக்கு இந்தியத் தூதரகத்தின் மூலம் அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். 2020-இல் வந்தே பாரத் விமானங்களில் வந்தவர்களில் பல பேருக்கு இதற்கு நேரமே இல்லை. பாதிப் பெட்டியோடு வந்தார்கள், பாக்கிச் சம்பளம் அங்கேயே நின்றது. அப்படி நின்றுபோன பணத்துக்கு, வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ இணையதளத்தில் புகார் பதியலாம். நம் மாநிலத்தின் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறையையும் அணுகலாம். ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, விசா நகல் மூன்றும் கையில் இருந்தால் புகாருக்கு வலு இருக்கும்.

சரி, பணத்தை அனுப்புகிறோம். யார் கணக்குக்கு?

இதைச் சபையில் சொல்லச் சங்கடமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். எங்கள் கிளைக்கு வந்த ஒரு தம்பி பன்னிரண்டு வருஷம் அண்ணன் கணக்குக்கே அனுப்பியிருந்தார். அண்ணன் மோசமானவர் என்று நான் சொல்ல மாட்டேன். வீடு கட்டினார், தங்கச்சிக்குக் கல்யாணம் செய்தார், அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்தார். ஆனால் வீடு அண்ணன் பெயரில். தம்பி திரும்பி வந்தபோது அவர் பெயரில் எங்கள் புத்தகத்தில் இருந்தது நானூற்றுச் சொச்சம் ரூபாய். “நான் அனுப்பினதுக்குக் கணக்கு எடுத்துக் கொடுங்க சார்” என்றார். எடுத்துக் கொடுத்தேன். அது பணம் வந்ததற்குத்தான் சாட்சி சொல்லும், வீடு யாருடையது என்று சொல்லாது.

குடும்பச் செலவுக்கு அம்மாவுக்கோ மனைவிக்கோ மாதாமாதம் அனுப்புங்கள். நெருங்கிய உறவுக்கு அனுப்புவதில் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை. ஆனால் சேமிப்பும், குறிப்பாக அந்தக் கடைசித் தொகையும், உங்கள் பெயரில் உள்ள என்.ஆர்.இ. கணக்குக்கு வரட்டும். வெளிநாட்டில் இருக்கும்வரை அந்தக் கணக்கின் வட்டிக்கு இங்கே வருமான வரி இல்லை. பின்னால் நிலம் வாங்கும்போது, ‘இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது?’ என்று கேட்டால் அந்தப் பாஸ்புத்தகமே பதில். வெளிநாட்டில் வசித்த காலத்தில் அங்கே உழைத்துச் சம்பாதித்து ஊருக்கு அனுப்பிய சம்பளத்துக்கு இங்கே வரி கிடையாது. ஆனால் அது அந்தச் சம்பளம்தான் என்று காட்டக் காகிதம் வேண்டும். ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் கொடுக்கும் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அந்த மெல்லிய காகிதத்தில் எழுத்து ஒரு வருஷத்தில் மறைந்துவிடும், செல்போனில் படம் எடுத்து வையுங்கள்.

கடையில் போய்க் குறிச்சொல் காட்டி ரொக்கமாக வாங்குகிற வழியும் இருக்கிறது. அவசரத்துக்கு நல்லது. ஆனால் ஒரு தடவைக்கு 2,500 டாலர் மதிப்புதான், ஒருவர் வருஷத்துக்கு 30 தடவைதான் பெறலாம், ரொக்கமாகத் தருவது 50,000 ரூபாய் வரைதான். பத்து வருஷச் சேமிப்பைக் கொண்டுவர அது வழியில்லை. எக்ஸ்சேஞ்ச் கடையில் கட்டணம் பெரும்பாலும் ஒரு தடவைக்கு இவ்வளவு என்று இருப்பதால், சிறுசிறு தொகையாக அனுப்பாமல் சேர்த்து அனுப்பினால் மிச்சம். ‘கட்டணமே இல்லை’ என்று பலகை வைத்திருந்தால் ரேட்டைப் பாருங்க, அங்கே பிடித்திருப்பார்கள். கேட்க வேண்டியது ஒன்றுதான்: “இத்தனை திர்ஹம் கொடுக்கிறேன், என் கணக்கில் எத்தனை ரூபாய் ஏறும்?” நாலு கடையில் கேட்டுப் பார்த்து அனுப்புங்கள்.

இப்போது உண்டியல். யாரும் வாயைத் திறக்க மாட்டீங்க, ஆனால் எல்லோருக்கும் தெரியும். அங்கே ஒரு அறையில் திர்ஹம் கொடுத்தால், இங்கே வீட்டு வாசலில் ரூபாய் வரும். ரேட்டும் இருபது, முப்பது காசு கூட. முன்பு தாளில் சுற்றிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். இப்போது நம் கணக்கிலேயே போட்டுவிடுகிறார்கள், அங்கேதான் புது ஆபத்து. ஒரு அம்மா எங்களிடம் வந்தார்கள். கணக்கு முடங்கிவிட்டது, மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட முடியவில்லை. எடுத்துப் பார்த்தால் வெவ்வேறு மாநிலங்களிலிருந்து, முன்பின் தெரியாத பெயர்களில் நாலு வரவு. அதில் ஒன்று, இணைய மோசடியில் ஏமாந்த யாரோ ஒருவரின் பணம். அவர் 1930-க்குப் போன் செய்து புகார் கொடுத்திருக்கிறார், போலீஸ் அந்தப் பணம் போன கணக்குகளையெல்லாம் நிறுத்தச் சொல்லிவிட்டது. “என் வீட்டுக்காரர் வேர்வை சிந்திச் சம்பாதிச்சது சார்” என்று அந்த அம்மா அழுதார்கள். உண்மைதான். அவர் கொடுத்த திர்ஹம் நல்ல பணம், அதற்குப் பதிலாக இவர்களுக்கு வந்தது வேறு யாரிடமோ திருடிய பணம். இதை நிரூபிக்க ஒரு துண்டுக் காகிதம் இல்லை. யாரிடம் கொடுத்தோம் என்று சொன்னாலோ, செய்தது குற்றம் என்று ஆகிறது. அனுமதி பெற்றவர் மூலமாக அல்லாமல் இப்படிப் பணம் பெறுவது அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்துக்கு விரோதம். தொகையைப் போல் மூன்று மடங்கு வரை அபராதம் போடலாம். முப்பது காசுக்காக இதுவா?

கையில் கொண்டுவருவதற்கும் விதி உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். வெளிநாட்டுப் பணத்தை எவ்வளவு வேண்டுமானாலும் இந்தியாவுக்குள் கொண்டுவரலாம், உச்சவரம்பு கிடையாது. ஆனால் நோட்டாக 5,000 டாலர் மதிப்பைத் தாண்டினால், அல்லது நோட்டும் பயணக் காசோலையும் சேர்த்து 10,000 டாலரைத் தாண்டினால், இறங்கியதும் சுங்கத்தில் நாணய அறிவிப்புப் படிவம் கொடுக்க வேண்டும். 5,000 டாலர் என்பது ஏறக்குறைய 18,360 திர்ஹம், 18,750 ரியால். இதற்கு வரி எதுவும் இல்லை, பயப்படவும் வேண்டாம். முத்திரை போட்ட நகலை வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் அந்தப் பெரிய தொகையை வங்கியில் போட முடியாது. அமீரகத்திலிருந்து கிளம்பும்போதும் 60,000 திர்ஹத்துக்கு மேல் இருந்தால் அங்கே அறிவிக்க வேண்டும். ஆனால் இந்திய ரூபாய் விஷயம் வேறு. ‘அங்கேயே ரூபாயாக மாத்திக்கிட்டு வந்துடறேன்’ என்பார்கள். ரூபாய் நோட்டு 25,000-க்கு மேல் கொண்டுவரக் கூடாது.

தங்கமாக மாற்றிக்கொண்டு வரலாமே என்ற கேள்வி வரும். ஒரு வருஷத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்து திரும்பினால் ஆண் 20 கிராம், பெண் 40 கிராம் நகை நிபந்தனைகளுக்கு உட்பட்டுச் சுங்க வரியில்லாமல் கொண்டுவரலாம். அது நகைக்கு மட்டும்தான். பிஸ்கட்டுக்கும் காசுக்கும் அந்தச் சலுகை இல்லை. கடைசிப் பயணம்தானே என்று அடுத்தவர் கொடுக்கும் பொட்டலத்தை வாங்கிக் குருவியாக வராதீர்கள், அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஊருக்கு வந்த பிறகு வங்கிக்கு ஒரு தடவை நேரில் போங்கள். நிரந்தரமாகத் திரும்பிவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தால், என்.ஆர்.இ. கணக்கைச் சாதாரணக் கணக்காக மாற்றுவார்கள். சொல்லாமல் விட்டால் வரியில்லா வட்டி தொடரும் என்று சிலர் நினைக்கிறார்கள். தொடராது, பின்னால் வட்டியோடு கேட்பார்கள். திரும்பவும் போகும் எண்ணம் இருந்தாலோ, பிள்ளையை வெளிநாட்டில் படிக்க வைக்க நினைத்தாலோ, எல்லாவற்றையும் உடனே ரூபாயாக்க வேண்டிய கட்டாயமில்லை. ஆர்.எஃப்.சி. என்ற கணக்கில், இங்கே குடியிருந்துகொண்டே வெளிநாட்டு நாணயமாக வைத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே போட்ட எஃப்.சி.என்.ஆர். வைப்பு இருந்தால் முதிர்வு நாள் வரை ஒப்புக்கொண்ட வட்டியோடு ஓடும், அவசரப்பட்டு உடைக்காதீர்கள். ஒரே வங்கியில் எல்லாப் பணத்தையும் போடுகிறவர்கள், வைப்புக் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பீரோவில் இருக்கும் நோட்டுக்கும் கணக்கு இருக்கிறது. 2,000 டாலர் மதிப்பு வரை வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் இருப்பதை, வந்த நாளிலிருந்து 180 நாளுக்குள் அனுமதி பெற்ற இடத்தில் மாற்றுங்கள், அல்லது அந்த ஆர்.எஃப்.சி. கணக்கில் போடுங்கள். மாற்றும்போது சான்றிதழ் கேட்டு வாங்குங்கள்.

ரசீது, பாஸ்புத்தகம், கம்பெனிக் காகிதம் கொண்டுவந்தவர்கள் பின்னால் இருக்கும் மேஜைக்கு வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். அரபியில் இருக்கும் காகிதத்தைப் படிக்கவும் ஒரு நண்பரை அழைத்து வந்திருக்கிறேன்.